4350 என்ற ஒரே எண், வெவ்வேறு மருந்துகள்

நீங்கள் கேட்டிருப்பது இது. அமெரிக்காவில் 6.5 கிரீட்மூர் என்ற தோட்டா வகையைச் சுடும் ரைபிளுக்கு வீட்டிலேயே தோட்டாக்களை மறுபடி நிரப்பிப் பயன்படுத்தி வருகிறீர்கள். இதுவரை 140 கிரெய்ன் (கிரெய்ன் என்பது ஒரு சிறு எடையலகு) குண்டுக்கு எச் 4350 என்ற வெடிமருந்தை மட்டுமே போட்டிருக்கிறீர்கள். இப்போது அது கடைகளில் கிடைப்பதில்லை. அலமாரியில் ஐ.எம்.ஆர். 4350, அக்யூரேட் 4350, ரீலோடர் 16, ஸ்டாபால் 6.5 ஆகிய நான்கும் இருக்கின்றன. மருந்துகளை எரியும் வேகப்படி வரிசைப்படுத்தும் எரிவேக அட்டவணையில் இவை யாவும் எச் 4350ஐச் சுற்றியே நிற்பதால், ஒரு தோட்டாவுக்குப் போட்டுவந்த பழைய மருந்து எடையையே இவற்றுக்கும் வைத்துக்கொள்ளலாமா, இவற்றுள் எது பழையதற்கு மிக நெருக்கமானது என்பவை உங்கள் இரண்டு கேள்விகள்.

முதல் கேள்விக்குப் பதில் ‘கூடாது’ என்பதே. நான்கில் எதற்கும் பழைய எடையைப் பயன்படுத்தக் கூடாது. எண் ஒன்றாகவே இருக்கும் இரண்டுக்கும் இது பொருந்தும். இரண்டாம் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் இல்லை. எரியும் முறையில் நெருக்கமானது ஒன்று, வெயிலிலும் குளிரிலும் எச் 4350 போல நடந்துகொள்வது வேறொன்று, மருந்தை அளந்து விடும் கருவியான அளவையிலிருந்து சீராக விழுவது மூன்றாவது ஒன்று. எந்த நெருக்கம் உங்களுக்கு வேண்டும் என்பதைப் பொறுத்துத் தேர்வு மாறும். சுடப்போவது எந்தத் தொலைவில், எந்தப் பருவத்தில் என்பதை நீங்கள் எழுதவில்லை என்பதால், எல்லா நிலைகளையும் கருத்தில் வைத்தே எழுதுகிறேன். எடை எதையும் இங்கே குறிப்பிட மாட்டேன். அது உற்பத்தியாளர் இன்று வெளியிட்டிருக்கும் தரவிலிருந்து மட்டுமே எடுக்கப்பட வேண்டியது. இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கும் ஒரு சொல்: 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி அங்கே உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். இந்தப் பதில் அது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட இடத்தில் இருப்பவருக்காக எழுதப்படுகிறது.

குழப்பம் முழுவதும் எண்ணிலிருந்து தொடங்குவதால் அதன் வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐ.எம்.ஆர். என்பது ‘மேம்படுத்தப்பட்ட இராணுவ ரைபிள்’ மருந்து என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள். டூபாண்ட் என்ற அமெரிக்க இரசாயன நிறுவனம் தன்னுடைய குச்சி வடிவ மருந்துகளுக்கு வைத்த பெயர். 3031, 4064, 4198, 4227, 4350, 4831, 4895 என்று அவற்றுக்கு எண்கள் உண்டு. இந்த எண்கள் எரிவேகத்தைக் குறிப்பவை அல்ல. 4064ஐவிட எண்ணில் பெரியதான 4198 அதைவிட வெகு விரைவாக எரியும். 4227 இன்னும் விரைவானது. வரிசையில் மிகப் பெரிய எண்ணைக் கொண்ட 4895 நடுத்தரமானது. அதற்கு முந்திய எண்ணைக் கொண்ட 4831தான் இவற்றுள் மிக மெதுவானது. ஆகவே எண்ணைப் பார்த்து வேகத்தை ஊகிக்க எந்த வழியும் இல்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்க அரசிடம் இந்த மருந்துகள் மலையாகத் தேங்கிக் கிடந்தன. அமெரிக்க இராணுவத்தின் எம் 1 கராண்ட் ரைபிளின் .30-06 தோட்டாவில் போடப்பட்ட 4895ஐயும், 20 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுகளுக்கான 4831ஐயும் கான்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் மொத்தமாக வாங்கி, தாமே தோட்டா நிரப்பும் வேட்டைக்காரர்களுக்கு விற்கத் தொடங்கினார். இன்றைய ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் வேர் அதுதான். போர்க்கால இருப்பு தீர்ந்த பிறகு, அதே நடத்தையுள்ள மருந்தைப் புதிதாகத் தயாரிக்கச் செய்து, எண்ணை மாற்றாமல் தன் பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னால் சேர்த்து எச் 4895, எச் 4831 என்று அந்நிறுவனம் விற்றது. இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் 1970களின் தொடக்கத்தில் டூபாண்ட் தானும் 4831 என்ற எண்ணில், ஐ.எம்.ஆர். என்ற முன்னொட்டோடு, ஒரு மருந்தைச் சில்லறை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது ஹாட்ஜ்டன் விற்றுவந்த 4831ஐவிட விரைவாக எரிவது. அதற்கு முன் அச்சான கையேடுகளில் வெறுமனே ‘4831’ என்றிருக்கும் இடமெல்லாம் மெதுவான பழைய மருந்தையே குறிக்கும். அந்த எடையைப் புதிய டப்பாவிலிருந்து நிறுத்துப் போட்டவர், உச்ச அளவைத் தாண்டிய அழுத்தத்தைத் தம் கன்னத்துக்கு அருகே வைத்துச் சுட்டிருப்பார். பழைய புத்தகக் கடைகளில் அந்தக் கையேடுகள் இன்றும் கிடைக்கின்றன என்பதால், அரை நூற்றாண்டுக்கு முந்திய செய்தி என்று இதை ஒதுக்க முடியாது.

4350இன் கதை அந்த அளவுக்கு அச்சமூட்டுவது அன்று. ஐ.எம்.ஆர். 4350 டூபாண்ட்டின் மருந்தாக 1940 அளவில் வந்தது. எச் 4350 அதற்கு இணையாக ஹாட்ஜ்டன் பின்னர் கொண்டுவந்தது. அக்யூரேட் 4350 வேறொரு விற்பனையாளரின் இணை. இன்று எச் 4350 ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் முல்வாலா என்ற ஊரில் தயாராகிறது. ஐ.எம்.ஆர். 4350 கனடாவின் கியூபெக் மாநிலத்து வாலிஃபீல்டிலிருந்து வருவது. ஐ.எம்.ஆர். பெயரை 2003இலும், அக்யூரேட் பெயரை அதன் உரிமையாளரான மொன்டானா மாநில நிறுவனத்திடமிருந்து 2020இலும் ஹாட்ஜ்டனே வாங்கிவிட்டதால், மூன்று டப்பாக்களுக்கும் பின்னால் இன்று ஒரே நிறுவனம் நிற்கிறது. இதுவே சிலரைத் தவறாக எண்ண வைக்கிறது. விற்பவர் ஒருவர் என்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது. ஆலை வேறு, மருந்துத் துகளான மணியின் நீளம் வேறு, மேற்பூச்சு வேறு.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. பெயர் வேறாக இருந்தும் பொருள் ஒன்றாக இருக்கும். முல்வாலா ஆலை தன் சொந்த நாட்டில் ஏ.ஆர். 2209 என்று விற்பதுதான் அமெரிக்காவில் எச் 4350, அங்கே ஏ.ஆர். 2208 என்பது இங்கே வார்கெட், ஏ.ஆர். 2206 எச் என்பது இங்கே எச் 4895. வின்செஸ்டர் 760உம் எச் 414உம் ஒரே மருந்து என்பதைப் பழகியவர்கள் அறிவார்கள். ஆகவே ‘இவை இரண்டும் ஒன்றா’ என்ற கேள்விக்கு டப்பாவின் முகப்பு ஒருபோதும் பதில் தராது. உங்களுக்குப் பழக்கமான எச் 4350க்கு உண்மையான மாற்றுப்பெயர் ஏ.ஆர். 2209 மட்டுமே, அந்தப் பெயரில் அது ஆஸ்திரேலியாவில் விற்பது. உங்கள் அலமாரியில் இருக்கும் நான்கும் உறவினர்கள்தான், இரட்டையர்கள் அல்லர்.

இனி எரிவேக அட்டவணைக்கு வருகிறேன். அந்த அட்டவணை ஒரு வரிசை மட்டுமே, அளவுகோல் அன்று. 90ஆம் இடத்துக்கும் 91ஆம் இடத்துக்கும் இடையே உள்ள இடைவெளி நூலிழையாக இருக்கலாம். 91க்கும் 92க்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கலாம். எண் அதைச் சொல்லாது. ஒரு நிறுவனத்தின் அட்டவணையில் முன்னால் நிற்கும் மருந்து மற்றொரு நிறுவனத்தின் அட்டவணையில் பின்னால் நிற்பதும் உண்டு. மருந்தின் விரைவை மூடிய எஃகுக் கலத்தில் எரித்து அளக்கிறார்கள். அந்தக் கலத்தின் கொள்ளளவு மாறாதது. தோட்டாவிலோ குண்டு நகர நகர இடம் விரிகிறது. அழுத்தம் ஏறினால் எரிதல் விரைகிறது, எரிதல் விரைந்தால் அழுத்தம் மேலும் ஏறுகிறது. இந்தச் சங்கிலியைத் தோட்டாக் கூட்டின் கொள்ளளவு, குண்டின் எடை, குழாயின் உள்விட்டம், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் சூடு ஆகிய ஒவ்வொன்றும் மாற்றும். கலத்தில் அடுத்தடுத்து நின்ற இரண்டு மருந்துகள் .308 வின்செஸ்டர் தோட்டாவில் ஒரு வரிசையிலும் 6.5 கிரீட்மூரில் வேறொரு வரிசையிலும் நிற்பது இதனால்தான். அட்டவணையைப் பார்த்து எந்த மருந்துகளைப் பற்றி மேலும் படிக்கலாம் என்று தேர்ந்தெடுக்கலாம். எடையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

மருந்து மணியின் வடிவம்தான் இந்த ஒப்பீட்டின் நடுப்பொருள் என்று நான் கருதுகிறேன். நைட்ரோசெல்லுலோஸை மட்டும் அடிப்படையாகக் கொண்டது ஒருகூற்று மருந்து. அதனுடன் நைட்ரோகிளிசரின் சேர்ந்தது இருகூற்று மருந்து. நீலகிரியின் அருவங்காட்டில் நூறாண்டுகளுக்கும் மேலாக இயங்கும் தொழிற்சாலையின் பெயரில் உள்ள கார்டைட் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நைட்ரோகிளிசரின் சேரும்போது அதே எடையிலிருந்து கூடுதல் ஆற்றல் கிடைக்கும். சுடரின் வெப்பமும் பொதுவாகக் கூடுவதால் குழாயின் தொண்டைப்பகுதி சற்று விரைவாக அரிபடும். 4350 என்ற எண்ணைத் தாங்கிய மருந்துகள் ஒருகூற்றுக் குச்சி மருந்துகள். நீளமான நூலாகப் பிழிந்து, நடுவில் துளை வைத்து, சிறுசிறு துண்டுகளாக வெட்டி எடுக்கப்படுபவை. எரியும்போது குச்சியின் வெளிப்பரப்பு சுருங்கும், துளையின் உட்பரப்பு விரியும். இரண்டும் ஏறத்தாழ ஈடுசெய்துகொள்வதால் வாயு சீராக வெளிப்படும். ஸ்டாபால் 6.5 அவ்வாறானது அன்று. அது உருண்டை மருந்து, ஃபுளோரிடாவின் செயின்ட் மார்க்ஸ் ஆலையில் தயாராவது. உருண்டை எரிய எரியப் பரப்பு குறைந்துகொண்டே போகும். எனவே தொடக்கத்தில் எரிதலைத் தணிக்கும் இரசாயனப் பூச்சை ஆழமாக ஏற்றி, அதன் மூலம்தான் சீரைக் கொண்டுவருகிறார்கள். வடிவத்தால் கிடைக்கும் சீரும் பூச்சால் கிடைக்கும் சீரும் ஒரே அழுத்தக் கோட்டை வரைவதில்லை. இந்த மருந்துக்கு வெளியிடப்பட்டுள்ள எடைகள் எச் 4350க்கு உள்ளவற்றைவிடச் சில கிரெய்ன்கள் கூடுதல். உங்கள் பழைய எடையை ஸ்டாபாலில் போட்டால் தோட்டா வலுவிழந்து போகும். ஸ்டாபாலின் எடையை மறந்துபோய் எச் 4350இல் போட்டால் துப்பாக்கியே உடையக்கூடும்.

இப்போது நான்கையும் தனித்தனியாகப் பார்ப்போம். ஐ.எம்.ஆர். 4350 எரியும் பாங்கில் உங்கள் மருந்துக்கு மிக அருகில் நிற்பது. பெரும்பாலான தோட்டாக்களில் அதைவிட ஒரு மயிரிழை விரைவானது. விரைவானது என்பதன் பொருள், அதே எடையில் அழுத்தம் கூடுதல் என்பதே. பழைய எடை உச்சத்துக்கு அருகில் இருந்திருந்தால் இந்த மயிரிழையே போதும், எல்லையைத் தாண்டிவிடும். குச்சிகள் நீளமானவை என்பதால், மருந்தைக் கொள்ளளவால் அளந்து விடும் கருவியில் சுழல் உருளை அவற்றை ‘நறுக்’ என்று வெட்டும். ஒவ்வொரு முறையும் விழும் எடை சிறிது ஏறி இறங்கும். ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துப் போடுபவருக்கு அது ஒரு குறையே அன்று. உண்மையான குறை வெப்பநிலையில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அக்யூரேட் 4350இன் குச்சிகள் குட்டையானவை, அளவையிலிருந்து நன்றாக விழும். விலையும் இருப்பும் ஒத்துவந்தால் இலக்குப் பயிற்சிக்கு நான் தயங்காமல் பரிந்துரைக்கும் மருந்து இது. இதைப் பற்றி இதற்கு மேல் நீட்ட வேண்டியதில்லை.

ரீலோடர் 16 அலையன்ட் நிறுவனத்தின் பெயரில் விற்பது, சுவீடனில் தயாராவது. வெப்பநிலை மாறினாலும் குண்டின் வேகம் அதிகம் மாறாதபடி உருவாக்கப்பட்டது என்பதே இதன் சிறப்பு. அந்த ஒரு குணத்தில் எச் 4350உடன் தோளுக்குத் தோள் நிற்கக்கூடியது நான்கில் இதுதான். தொலைதூர இலக்குப் போட்டிகளுக்கு எச் 4350 கிடைக்காதவர்கள் முதலில் இதைத் தேடுவதற்கு இதுவே காரணம். சிரமம் கிடைப்பதில்தான் இருக்கிறது. 2024இல் உலகளாவிய நைட்ரோசெல்லுலோஸ் தட்டுப்பாட்டால் அலையன்ட் மருந்துகளின் சில்லறை விற்பனை தடைபட்டதை நினைவில் வைத்திருப்பீர்கள்.

ஸ்டாபால் 6.5 வின்செஸ்டர் பெயரில் 2020இல் வந்தது. உருண்டை மருந்துகள் வெப்பநிலைக்கு எளிதில் ஆட்படும் என்ற பழைய குறையைக் குறைக்கவே அது உருவாக்கப்பட்டது. அளவையிலிருந்து தண்ணீர்போல ஒழுகும். நூற்றுக்கணக்கில் நிரப்புபவருக்கு அதன் அருமை தெரியும். கூட்டுக்குள் அடர்த்தியாக அமர்வதால் கூடுதல் எடை கொள்ளும், 6.5 கிரீட்மூரில் வெளியிடப்பட்ட வேகங்களும் எச் 4350ஐவிடக் கூடுதலாகவே இருக்கின்றன. எனினும் நீங்கள் கேட்டது வேகத்தை அன்று, நெருக்கத்தை. அந்த அளவுகோலில் இது நான்கில் கடைசி. வடிவம், எடை, அடர்த்தி எல்லாமே வேறாக இருக்கும் மருந்தை மாற்று என்று சொல்வதைவிட, புதிய தொடக்கம் என்று சொல்வது நேர்மையானது.

வெப்பநிலை பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புவதற்குக் காரணம் உண்டு. பழைய முறை மருந்துகளில் ஒவ்வொரு ஃபாரன்ஹீட் பாகைக்கும் குண்டின் வேகம் வினாடிக்கு ஓர் அடி அல்லது அதற்குச் சற்று மேல் மாறுவது வழக்கம். நிலைத்தன்மை மிக்கவற்றில் அது அரை அடிக்குக் கீழே இருக்கும். 40 பாகை குளிரான ஒரு காலைப்பொழுதில் குறியளவைச் சரிசெய்துவிட்டு, 80 பாகை வெயில் ஏறிய பிற்பகலில் மறுபடி சுடுகிறீர்கள் என்று வையுங்கள். பாகைக்கு 1.2 அடி மாறும் மருந்தில் வேகம் 48 அடி கூடியிருக்கும், 0.3 அடி மாறும் மருந்தில் 12 அடி மட்டுமே கூடியிருக்கும். வினாடிக்கு ஏறத்தாழ 2,700 அடியில் புறப்படும் 140 கிரெய்ன் குண்டுக்கு, 1,000 கெஜத் தொலைவில் 10 அடி வேக மாற்றம் ஏறத்தாழ மூன்று அங்குல உயர மாற்றத்தைத் தரும். அப்படியானால் முதல் மருந்தில் குண்டு ஓரடிக்கு மேல் உயர்ந்து விழும். இரண்டாவதில் நான்கு அங்குலத்துக்குள் நிற்கும். நூறு கெஜத்தில் தாளில் சுடுபவருக்கு இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. மான் வேட்டைக்கு 200 கெஜத்துக்குள் சுடுபவருக்கும் பொருட்டன்று. ஆகவே உங்கள் தொலைவு முந்நூறு கெஜத்துக்குள் என்றால் ஐ.எம்.ஆர். 4350ஐ வாங்குங்கள் என்பேன். அதற்கு மேல் என்றால் ரீலோடர் 16 கிடைக்கும்வரை காத்திருப்பது நல்லது.

ஆனால் வெப்பநிலையில் துல்லியத்தைவிடப் பெரிய ஒன்றும் அடங்கியிருக்கிறது. வேகம் கூடுகிறது என்றால், தோட்டா அமரும் அறையின் அழுத்தமும் கூடுகிறது. 6.5 கிரீட்மூருக்கு அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர் அமைப்பு வகுத்துள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. குளிர்காலத்தில் அந்த எல்லையை ஒட்டி நிரப்பிய தோட்டாவை, கோடையில் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு மணி நேரம் வைத்திருந்து சுட்டால் எல்லை தாண்டப்படும். சுட்டுச் சூடேறிய அறைக்குள் ஒரு தோட்டாவை ஏற்றிவிட்டுக் குறிபார்த்துக்கொண்டே நேரத்தைக் கழிப்பதும் அதே விளைவைத் தரும். நிலைத்தன்மை மிக்க மருந்துக்குப் பழகியவர், பழைய முறை மருந்துக்கு மாறும்போது இந்த இடைவெளியை எடையில் விட்டுவைக்க மறந்துவிடுவார். உங்கள் நிலை சரியாக இதுதான் என்பதால் இதைத் தனியாகக் குறிப்பிடுகிறேன்.

அறை அழுத்தம் ஒன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதற்கும் ஓர் உதாரணம் தருகிறேன். அறையை மூடும் போல்ட்டைக் கையால் இழுத்துச் சுடும் .30-06 ரைபிளில் கனமான குண்டுக்கு 4350 அருமையான மருந்து. அதே தோட்டாவை எம் 1 கராண்டில் போட்டால், அறை அழுத்தம் எல்லைக்குள் இருந்தாலும், மெதுவாக எரியும் மருந்தின் வாயு குழாயின் முனைக்கு அருகே உள்ள துளையை அடையும்போது இன்னும் வலுவாக இருக்கும். அந்த வலு இயக்குத் தண்டை வளைத்துவிடக்கூடும். அந்த ரைபிளுக்கு 4895ஐத் தேர்ந்தெடுத்தவர்கள் காரணத்தோடுதான் தேர்ந்தெடுத்தார்கள். உங்கள் 6.5 கிரீட்மூர் வாயுவால் தானே இயங்கும் வகையா, கையால் இழுக்கும் வகையா என்பதை நீங்கள் சொல்லவில்லை. முன்னது என்றால் அதற்கென்று வெளியிடப்பட்ட தரவைத் தேடிப் பாருங்கள்.

மேசையில் ஒப்பிடும் முறை பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் ஒப்பீட்டைத் தவறான இடத்தில் தொடங்குகிறார்கள். புதிய மருந்தின் டப்பாவைத் திறக்கும் முன், அதே மருந்து, அதே எடையுள்ள குண்டு, முடிந்தால் அதே நிறுவனத்தின் குண்டு ஆகியவற்றுக்கு உற்பத்தியாளர் இன்று வெளியிட்டிருக்கும் தரவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள தொடக்க எடையிலிருந்து சிறுசிறு படிகளாக ஏறுங்கள். கூட்டின் நிறுவனமோ பிரைமரோ மாறினால் மறுபடி கீழிருந்து தொடங்குங்கள். ஒரே மருந்தின் வேறொரு தயாரிப்புத் தொகுதியைத் திறக்கும்போதும் அப்படியே. சில்லறையில் விற்கும் மருந்துகளைத் தொகுதிக்குத் தொகுதி கலந்து சமன்செய்துதான் அனுப்புகிறார்கள். இருந்தும் சிறு வேறுபாடு எஞ்சும்.

குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானியைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். பிரைமர் தட்டையாவது, போல்ட் இறுகித் திறப்பது, கூட்டின் அடியில் பளபளப்பான தழும்பு விழுவது ஆகியவை அழுத்தம் மிஞ்சியதற்கு அடையாளங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் அவை தோன்றும்போது எல்லையை ஏற்கெனவே தாண்டியிருப்பீர்கள். சில ரைபிள்களில் அவை தோன்றவே தோன்றா. வேகமானி முன்னதாகவே சொல்லிவிடும். உங்கள் குழாய் தரவில் உள்ள குழாயின் நீளமே கொண்டதாக இருந்து, நீங்கள் இன்னும் உச்ச எடையைத் தொடாதபோதே வேகம் தரவின் உச்ச வேகத்தைத் தொட்டுவிட்டால், அழுத்தமும் அங்கே போய்விட்டது என்று கொள்ள வேண்டும். மேலும் ஏறாதீர்கள், இரண்டு படி இறங்குங்கள்.

அடுத்தது, எத்தனை முறை சுட்டு முடிவெடுப்பது என்பது. ஒவ்வொரு மருந்திலும் ஐந்து தோட்டாக்களைச் சுட்டு, வேகத்தின் திட்டவிலக்கம் (சராசரியைச் சுற்றி வேகங்கள் சிதறும் அளவு) இதில் 10 அடி, அதில் 14 அடி, ஆகவே இதுவே மேல் என்று முடிவுகட்டுவது மிகப் பரவலான தவறு. ஐந்து சுடுகளிலிருந்து கிடைத்த 10 என்ற விலக்கத்தின் பின்னால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நம்பகத்தில், உண்மையான மதிப்பு 6 முதல் 29 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இருபது சுட்டால் அந்த வீச்சு 7.6 முதல் 14.6 வரை சுருங்கும். மூன்று குண்டுகள் ஒரே துளையில் போனதைப் படம்பிடித்து ‘இந்த மருந்துதான் என் ரைபிளுக்குப் பிடிக்கிறது’ என்று சொல்பவர்களின் மகிழ்ச்சி எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் படத்தில் மருந்தைப் பற்றிய செய்தி ஏதும் இல்லை. இருபது தோட்டாக்கள் செலவு என்று தோன்றலாம். தவறான மருந்தில் எட்டு பவுண்டு டப்பா வாங்கிவிட்டு ஓராண்டு வருந்துவதைவிட அது மலிவு.

மருந்தை வைத்திருக்கும் முறையும் ஒப்பீட்டைக் கெடுக்கும். ஈரத்தை இழந்து காய்ந்த மருந்து விரைவாக எரியும். அளவையின் குடுவையில் வாரக்கணக்கில் விட்டுவைத்த மருந்தும் நேற்றுத் திறந்த டப்பாவின் மருந்தும், ஒரே தொகுதியாக இருந்தாலும், ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. வேலை முடிந்ததும் குடுவையைக் காலிசெய்து, மருந்து எந்த டப்பாவிலிருந்து வந்ததோ அதிலேயே திருப்பி ஊற்றி இறுக மூடுங்கள். மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு டப்பா மட்டும் இருக்கட்டும்; மற்றவை அலமாரியில் இருக்கட்டும். ஐ.எம்.ஆர். அல்லது அக்யூரேட் மருந்தை வாங்கினால் பழைய டப்பாவிலும் புதிய டப்பாவிலும் 4350 என்று பெரிய எழுத்தில் இருக்கும் என்பதால், மற்றவர்களைவிட உங்களுக்கு இந்த விதி இன்னும் தேவை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, குடுவையில் எஞ்சியிருந்த கருநிறக் குச்சிகள் எந்த மருந்து என்பது எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஏறத்தாழ நிச்சயமாகத் தெரியும் என்று மனம் சொன்னது; ‘ஏறத்தாழ’ என்ற சொல்லுக்காகவே முழுவதையும் அழித்துவிட்டேன். கண்ணால் பார்த்து மருந்தை அடையாளம் காண எவராலும் முடியாது. பெரும்பாலானவை கிராஃபைட் பூசிய ஒரே மாதிரிக் கருஞ்சாம்பல் நிறம்தான். டப்பாவைத் திறந்ததும் காரமான அமில நெடி வந்தாலோ, செம்பழுப்பு ஆவி தெரிந்தாலோ அந்த மருந்து சிதையத் தொடங்கிவிட்டது. அதையும் பயன்படுத்தக் கூடாது. இரண்டு மருந்துகளைக் கலந்து நடுத்தரமான ஒன்றை உண்டாக்கலாம் என்ற எண்ணம் எவருக்கேனும் தோன்றினால், அதை உடனே கைவிட வேண்டும்; அந்தக் கலவைக்கு உலகில் எவரிடமும் தரவு இல்லை.

எடையைக் குறைத்துப் போட்டால் எப்போதும் பாதுகாப்பு என்ற நம்பிக்கைக்கும் ஒரு வரம்பு உண்டு. 4350 வகையைப் போன்ற மெதுவான மருந்தை வெளியிடப்பட்ட தொடக்க எடைக்கு வெகு கீழே இறக்கி, கூட்டில் பெரிய வெற்றிடம் விட்டுச் சுட்டபோது, எதிர்பாராத பேரழுத்தம் எழுந்து ரைபிள்கள் உடைந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. குறைந்த வேகத் தோட்டா தேவையென்றால் அதற்கென உற்பத்தியாளரே அனுமதிக்கும் எச் 4895 போன்ற மருந்தை, அவர் சொல்லும் முறையிலேயே பயன்படுத்த வேண்டும்.

கடைசியாக, உங்கள் வீட்டில் எச் 4350 அரை டப்பாவாவது எஞ்சியிருக்கும் என்று நினைக்கிறேன். அதை அவசரப்பட்டுத் தீர்த்துவிடாதீர்கள். உங்களுக்கு நன்கு பழகிய அந்தப் பழைய எடையில் நாற்பது தோட்டாக்களை நிரப்பி, தேதியும் தொகுதி எண்ணும் எழுதித் தனியாக வையுங்கள். புதிய மருந்துக்கு உரிய எடையைக் கண்டடைந்த பிறகு, ஒரே நாளில், ஒரே குழாயில், பழையதில் ஐந்தும் புதியதில் ஐந்தும் மாறி மாறிச் சுட்டு ஒவ்வொன்றிலும் இருபதை நிறைவுசெய்யுங்கள். மீதி இருபதைக் குளிர்காலத்தில் ஒரு காலைப்பொழுதுக்கு ஒதுக்கிவைத்து, புதியதிலும் இருபதை எடுத்துக்கொண்டு அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். இரண்டு நாள்களின் சராசரி வேகங்களையும் வெப்பநிலையையும் ஒரு தாளில் எழுதினால், அலமாரியில் இருந்து நீங்கள் எடுத்த மருந்து பழையதற்கு எவ்வளவு நெருக்கம் என்பது உங்கள் ரைபிளின் வாயாலேயே தெரிந்துவிடும்.